வெட்டுக்கிளிக்குச் சீனி பார்த்த டீச்சர்

டீச்சரோடு கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் பயம். சாப்பாட்டு மேசையில் யாராவது எதையாவது சொல்லி வைப்பார்கள். சொன்னவர் வாய் மூடுவதற்குள் இவர் கையிலிருந்த கரண்டி கீழே இறங்கிவிடும். கரண்டி இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பெஸ்தாரி ஜெயா மண்டபத்தில் ஒருமுறை, எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தோட்டத்துப் பாம்புக் கதையை எடுத்தார். அடித்தவன் முகம் பாம்பின் கண்ணில் அப்படியே பதிந்துவிடுமாம். ஜோடிப் பாம்பு வந்து அதைப் பார்த்துவிட்டு வீடு தேடிப் போகுமாம்.

"எந்தக் கண்ணுங்க, வலதா இடதா?" என்றார் டீச்சர்.

பெரியவர் சிரித்தார். "ரெண்டுலயும்தான்லா."

"நீங்க பார்த்தீங்களா?"

"எங்கப்பா சொன்னாரு."

"அப்பா பார்த்தாரா?"

"அந்தக் காலத்துல எல்லாரும் சொல்றதுதான், டீச்சர்."

"எல்லாரும் சொன்னாங்க, யாரும் பார்க்கல. சரி, சாப்பிடுங்க. கோழி ஆறிடும்."

அதோடு விட்டுவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். பெரியவருக்குத்தான் அதற்குமேல் இறங்கவில்லை.

டீச்சர் எங்கள் பக்கத்து வீடு. நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய தாமான், புதுக் குடியிருப்பு அது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் இருந்தார்கள். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான். ஆனால் தாமானில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளின் எடை பார்க்கும் கிராணி. என் வீட்டுக்காரர் அதே ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி ஓட்டுநர்.

பதினான்கு வயதிலிருந்து டீச்சருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை, ஊசிதான். சாப்பாட்டுக்கு முன் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேயே போட்டுக்கொள்வார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் போட்டார், கோயில் அன்னதானப் பந்தியில் போட்டார். உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, "நீங்க உள்ள போய் சாப்பிடுறீங்களா?" என்று திருப்பிக் கேட்டாராம்.

ரவாங்கிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று நான் அவர்கள் சமையலறையில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். டீச்சரின் சித்தி காலையிலிருந்து ஒரே மந்திரம்தான்: "இன்னிக்கு மட்டும் எதையும் காட்டிக்காதே. பேசி முடியட்டும், அப்புறம் நாங்க மெதுவா சொல்லிக்கிறோம்." டீச்சர் பட்டுச்சேலையில் தட்டோடு போனார், எல்லோருக்கும் கொடுத்தார், தானும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் வயிற்றில் போட்டுக்கொண்டார்.

"மன்னிக்கணும். இன்னிக்குக் கேசரியில இனிப்பு கொஞ்சம் கூட. போடாம சாப்பிட முடியாது."

மாப்பிள்ளையின் தாயார் கிண்ணத்தை மேசையில் வைத்தார். மாப்பிள்ளை மட்டும் முன்னால் சாய்ந்து, "வலிக்குமாங்க?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் அவரை எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள்.

டீச்சரின் அம்மா அழுது தீர்த்தார். டீச்சர் மிச்சமிருந்த கேசரியைத் தட்டில் போட்டு எனக்கும் நீட்டினார். "அந்தப் பையன் பரவால்ல. கேள்வி கேட்டான்."

இதையெல்லாம் வைத்து அவரைக் கல் நெஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. என் மாமனாரின் கருமாதி அன்று, படைத்த சோற்றைக் காகம் வந்து கொத்தியதும் என் மாமியார், "வந்துட்டாரு, பசியோட வந்துட்டாரு" என்று குலுங்கி அழுதார். நான் பதறிப்போய் டீச்சரைப் பார்த்தேன். அவர் இன்னொரு கை சோற்றை அள்ளி இலையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மறுநாள் வேலியோரம் நின்று கேட்டேன், ஏன் சும்மா இருந்தீங்க என்று.

"துக்கத்துல சொல்றதை நான் எதுக்குக் கேக்கணும்? விக்கிறவங்க சொல்றதைத்தான் கேப்பேன்."

அப்படி ஒருவர் விற்க வந்தார்.

ஜப்பான் எறும்பு என்றால் அந்த வருஷங்களில் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பிளாஸ்டிக் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பொடித்த ஈஸ்ட், அதற்குள் கருகருவென்று நெளியும் சின்னப் பூச்சிகள். வாழைப்பழத்துக்குள் வைத்து உயிரோடு விழுங்க வேண்டும். இனிப்பு நீர் ஓடிப்போகும் என்று பேச்சு. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எந்தப் பேதமும் இல்லாமல் விழுங்கினார்கள். எங்கள் தாமானுக்கு அதைக் கொண்டுவந்தவர் கோயில் தலைவரின் மைத்துனர். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல், யாரைப் பார்த்தாலும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசும் பழக்கம். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அவருக்கும் இனிப்பு நீர் இருந்தது. அவரும் தினமும் விழுங்கினார்.

என் வீட்டுக்காரருக்கும் இனிப்பு நீர் உண்டு. ஒரு சாயங்காலம் எங்கள் வேலித்தூணின் மேல் அந்தப் போத்தல் இருப்பதை டீச்சர் பார்த்தார்.

"இது என்னண்ணே?"

"ஜப்பான் எறும்பு, டீச்சர்," என்றார் என் வீட்டுக்காரர். "இனிப்பு நீருக்கு."

டீச்சர் போத்தலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எறும்பு இல்லண்ணே, வண்டு. முதுகுல ஓடு இருக்கு பாருங்க. சரி, விழுங்குறதுன்னா விழுங்குங்க. கிளினிக் மாத்திரையும் போடுறீங்கல்ல?"

"மாத்திரை போட்டா எறும்பு வேலை செய்யாதாம். நிறுத்தச் சொல்லிட்டாரு."

டீச்சர் போத்தலைக் கீழே வைத்தார். கரண்டியை வைப்பது போலவேதான் வைத்தார்.

அந்த ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் மைத்துனர் ஒரு விளக்கக் கூட்டம் போட்டார். மண்டபம் நிறைந்திருந்தது, எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில்தான் இனிப்பு நீர் இல்லை? ஜப்பான் எறும்பில் சோதித்துக் காட்டுகிற அளவுக்கு ரத்தம் கிடைக்காது, பூச்சியெல்லாம் ஒரே இனம்தான் என்று சொல்லி, ஒரு பெரிய வெட்டுக்கிளியைப் பிடித்துக் கால் இடுக்கில் ஊசியால் குத்தினார். தண்ணீர் போல ஒரு சொட்டு வந்தது. வீட்டில் சீனி பார்க்கிற கருவியின் பட்டையில் அதைத் தொட்டார். திரையில் 'லோ' என்று வந்தது. முன் வரிசையில் இருந்தவர்களிடம் அதைக் காட்டிக்கொண்டே நடந்தார்.

"நாள் முழுக்க இலையத் தின்னுது, பழத்தைத் தின்னுது. ரத்தத்துல சீனியே இல்ல. ஏன்? அதுக்குள்ள ஒரு சத்து இருக்கு. அது சீனியை உடைச்சிடுது. அந்தச் சத்தைத்தான் நான் உங்களுக்குக் குடுக்கிறேன்." பிறகு டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினார். "டீச்சருக்குத்தான் முதல்ல குடுக்கணும். எத்தனை வருஷமா ஊசி, பாவம்."

டீச்சர் எழுந்தார். "அந்த மிஷினுக்கு ஒரு சீனிதான் தெரியும். குளுக்கோஸ். பூச்சி ரத்தத்துல இருக்கிறது வேற சீனி. நிறையவே இருக்கு. நம்ம ரத்தத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு."

"வேற சீனியா? வெள்ளைச் சீனியா, நாட்டுச் சீனியா?" என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது.

"சொன்னா பத்தாதே, டீச்சர். காட்டணும்ல?" என்றார் மைத்துனர் மெதுவாக.

"அடுத்த ஞாயிறு காட்டுறேன்."

அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் ஆலைச் சாலையோர லாலாங் புல்லில் வெட்டுக்கிளி பிடித்தோம். லோரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். டீச்சர் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் செய்த சோதனையாம் அது. ஆனால் அங்கே எல்லாம் போத்தலில் தயாராக இருக்கும். இங்கே சமையலறைத் தரையில் செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் எடுத்த ரத்தம் சில நிமிஷத்தில் தேத்தண்ணீர் போலக் கறுத்துவிட்டது. மறுநாளிலிருந்து எடுத்தவுடனே சின்னக் குழாயைக் கொதிநீரில் வைத்தார். அந்தச் சீனி கொதித்தாலும் கெடாதாம்.

"பூச்சி என்ன பண்ணுது தெரியுமா?" என்று ஒரு வெட்டுக்கிளியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு குளுக்கோஸை எடுத்துக் கைகோத்து விட்டுடுது. ஜோடியாயிட்டா அது போய் எதுலயும் ஒட்டிக்காது, எதையும் கெடுக்காது. ரத்தம் முழுக்க ஜோடி ஜோடியா ஓடிக்கிட்டே இருக்கும். பறக்கணும்னா ஒரு என்சைம் வந்து ஜோடியை வெட்டும். வெட்டினா ரெண்டு குளுக்கோஸ். அதை எரிச்சுத்தான் இறக்கை அடிக்குது. ஜோடிக்குப் பேரு டிரெஹலோஸ். வெட்டுற கத்திக்குப் பேரு டிரெஹலேஸ்."

"ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதே."

"லோவுக்கும் லேவுக்கும்தான் வித்தியாசம். வேலைதான் வேற."

அந்தக் கத்தி வெட்டுக்கிளியின் குடலிலும் இருக்கிறதாம். ஒரு நாள் பட்டினி போட்ட வெட்டுக்கிளியின் குடலை எடுத்துச் சொட்டுத் தண்ணீரில் அரைத்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது ரத்தத்தைத் தனியாகப் பார்த்தார்: லோ. குடல் சாற்றைத் தனியாகப் பார்த்தார்: லோ. இரண்டையும் கலந்து, குழாயை உள்ளங்கைச் சூட்டில் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகு ஒரு சொட்டை எடுத்துப் பட்டையில் வைத்தார்.

வந்த எண்ணைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இந்த நம்பர் எனக்கு வந்தா நீங்க என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இது லாலாங்ல குதிச்சிக்கிட்டு இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அதையே செய்து காட்டினார். தனித்தனியாக லோ, கலந்தால் எண். கருவியை முன் வரிசையில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். நான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மைத்துனர் எழுந்து கை தட்டினார். "பாருங்க. டீச்சரே காட்டிட்டாங்க. பூச்சிச் சாறு சீனியை உடைக்குதா இல்லையா? இதைத்தானே நான் போன வாரம் சொன்னேன்?"

மண்டபமே கை தட்டியது.

"உடைக்கிறது வேற, அழிக்கிறது வேற," என்றார் டீச்சர். "அது ஒண்ணை ரெண்டாக்குது. பூச்சியோட சீனியை உடைச்சு உங்க சீனியாக்குது." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை நானும் இன்னும் இரண்டு பேரும்தான் கேட்டோம். அன்று டீச்சர் தோற்றார். போத்தல்கள் முன்னைவிட அதிகமாகப் போயின.

அதோடும் நிற்கவில்லை. கோயில் மண்டபத்துக்குள் உயிரைக் கொன்று குடலைக் கொண்டுவந்தார் என்று தலைவர் பிரச்சினை கிளப்பினார். முந்தின வாரம் அவருடைய மைத்துனர் அதே இடத்தில் வெட்டுக்கிளியைக் குத்தியது யாருக்கும் நினைவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் திருவிழாவில் அவர்கள் குடும்ப உபயம் கிடையாது என்று சொல்லியனுப்பினார்கள். டீச்சரின் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்து மூன்றாம் நாள் உபயம் அவர்களுடையது. டீச்சருக்குக் கோயில் பெரிதில்லை. அம்மாவுக்கு அந்த ஒரு நாள்தான் வருஷம்.

வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா கெஞ்சுவது எங்களுக்குக் கேட்கும். "ஒரு வார்த்தைதானேம்மா. சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் மாத்திரையில்லாமல் இருந்தார். கால் விரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் ஈரமாகவே கிடந்தது. நான் கத்தினால் எழுந்து வெளியே போவார். டீச்சர் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் அவரே வேலிக்குப் போனார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அவ்வளவு சீனி இருந்தும் அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"ஜோடியா மூடி வச்சிருக்கு, அண்ணே. வேணும்போது மட்டும் வெட்டி எரிக்குது."

அவர் யோசித்தார். "அப்ப டேங்க்ல இருக்கிற டீசல் மாதிரி. எஞ்சினுக்குப் போனாத்தான் எரியும்."

"அதேதான். நமக்கு டேங்க் மூடியே கிடையாது. டீசல் எஞ்சினுக்கும் போகாம ரோட்டுல ஊத்துது. பூச்சிக்கிட்ட இருக்கிற மூடி அதை முழுங்குனா நமக்கு வராது."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார். போத்தல் அலமாரியிலேயே இருந்தது. என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தன்று டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "சொல்றேன்மா" என்று வீட்டிலேயே ஒத்துக்கொண்டாராம். அம்மா புதுச்சேலை கட்டியிருந்தார். தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"போன தடவை இங்க நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க," என்றார் டீச்சர். "கேக்குறேன். அன்னிக்கு நான் மைக் இல்லாம பேசினேன். பின்னால இருந்தவங்களுக்குக் கேட்டிருக்காது. அது என் தப்பு. அதனால திரும்பவும் சொல்றேன்."

தலையாட்டிக்கொண்டே இருந்த தலைவர் நிறுத்தினார்.

"பூச்சிக்குள்ள இருக்கிற என்சைம் சீனியை அழிக்காது. பூச்சியோட சீனி ஒண்ணை வெட்டி, உங்க ரத்தத்துல இருக்கிற அதே சீனி ரெண்டாக்கும். அந்தக் கத்தி உங்க குடல்லயும் இருக்கு. வண்டை விழுங்கினா வண்டோட சீனியும் உங்களுக்குத்தான் வந்து சேரும். வண்டோட கத்தி உங்க வயித்துல கறி மாதிரி செரிச்சுப் போயிடும். ஆசைப்பட்டா விழுங்குங்க, நான் தடுக்கல. ஆனா மாத்திரையை நிறுத்தச் சொல்றவங்க யாரா இருந்தாலும்—"

ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். டீச்சர் அதை மேசையில் வைத்துவிட்டு, வகுப்பில் பேசும் குரலில் முடித்தார்.

"—யாரா இருந்தாலும் இதே இடத்துல நின்னு இல்லன்னு சொல்வேன். இன்னிக்கும் சொல்வேன், அடுத்த வருஷமும் சொல்வேன்."

தலைவர் ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. என் வீட்டுக்காரர். கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து போய்விடுகிறவர்.

"டீச்சர், நான் மாத்திரையை விட்டு மூணு மாசம் ஆவுது. கால்ல புண்ணு ஆறல. இப்பத் திரும்ப ஆரம்பிச்சா ஆவுமா, இல்ல லேட்டா?"

அந்த மண்டபத்தில் டீச்சரின் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான்.

"நான் டாக்டர் இல்லண்ணே. இதுல நான் சொல்றதையும் நம்பக்கூடாது. நாளைக்குக் காலையில கிளினிக் போங்க. செருப்பைக் கழட்டிக் காட்டுங்க. கூட வரணும்னா வரேன்."

வந்தார். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தார். கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு விரல் போனது, கால் தப்பியது. இன்றும் லோரி ஓட்டுகிறார். எங்கள் தாமானிலிருந்து இன்னும் சிலர் அந்த வாரம் கிளினிக்குக்குப் போனார்கள், பலர் போகவில்லை. ஜப்பான் எறும்பு தானாகவே ஓயும்வரை விற்றுக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் பிறகு கோலா குபு பாரு பக்கம் மாற்றலாகிப் போனார். அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. இப்போது பேச்சுத் தொடர்பு இல்லை.

அந்த வருஷத் திருவிழாவில் மூன்றாம் நாள் உபயத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டீச்சரின் அம்மா அன்று கோயிலுக்கு வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். வந்தார். பூத்தட்டு எதுவும் இல்லாமல் எங்களோடு வரிசையில் நின்றார். தலைவரின் மனைவி பக்கத்தில் வந்து, இரக்கப்படுகிற குரலில் கேட்டார்:

"உங்க பொண்ணு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா அக்கா?"

அம்மா கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கேட்டாளே," என்றார். "மைக்லயே கேட்டாளே. உங்களுக்குக் கேக்கலியா?"